லிங்கித் தோட்டத்துக் கல்தொட்டி

"நம்ம சர்ச்சில ஞானஸ்நானத்துக்குப் புதுத் தொட்டி இருக்கேம்மா, அந்தத் தோட்டத்துக் கல்லுத் தொட்டிய வேற எங்க வைக்கிறது?" என்று ஃபாதர் கேட்டார். நல்ல மனிதர்; சிரித்துக்கொண்டேதான் கேட்டார். எனக்குத்தான் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "எடம் இல்லன்னா விடுங்க ஃபாதர். எங்க வீட்டு வாசல்ல வச்சுக்கிறேன்," என்று சொல்லிவிட்டு விடுவிடுவென்று வெளியே வந்துவிட்டேன். மந்தின் டவுனில் எங்களுடையது வரிசை வீடு. வாசல் என்பது கார் நிற்கும் இடம்தான். அதை அப்போது யார் யோசித்தது?

மலேசியாவில் லிங்கிப் பக்கம் நாங்கள் பிறந்து வளர்ந்த ரப்பர் தோட்டத்தில் ஒரு சின்ன தேவாலயம் உண்டு. அதற்குள், குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்க, இடுப்பளவு உயரத்தில் ஒரு கருங்கல் தொட்டி. அந்தக் காலத்துத் துரை ஒருவர், இங்கிலாந்தில் தன் கிராமத்துக் கோயிலில் பல நூறு வருடமாக நிற்கும் தொட்டியைப் படமாக வரைந்து கொடுத்து, அதே மாதிரி வேண்டும் என்றாராம். செதுக்கியவர் நம் ஊர்க் கல்தச்சர். எட்டுப் பக்கமும் கொடியும் பூவும் படத்தில் உள்ளபடி வந்துவிட்டன. அடியில் தொட்டியைத் தாங்கும் சிங்கம் மட்டும் யாளியாகிவிட்டது. பிதுங்கிய கண், சுருண்ட தும்பிக்கை. துரை என்ன சொன்னாரோ தெரியாது. எங்களுக்குச் சிங்கம் என்றால் அதுதான்.

தோட்டம் விற்றுப்போய், வீடு கட்டுகிறவர்கள் வந்துவிட்டார்கள். திங்கட்கிழமை தேவாலயத்தை இடிப்பதாக இருந்தது. அந்தக் கல் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. எனக்கு வேண்டும். என் மூத்த மகள் பதினோரு நாள்தான் இருந்தாள். உடம்பு சரியில்லை என்று பயந்துபோய், ஒன்பதாம் நாள் அவசர அவசரமாக அந்தத் தொட்டியில்தான் அவள் தலையில் தண்ணீர் ஊற்றிப் பேர் வைத்தோம். படம் எடுக்கவில்லை, முப்பது நாள் ஆகட்டும் என்று இருந்துவிட்டோம். புதைத்த இடத்தில் இப்போது எண்ணெய் எடுக்கிற செம்பனை நிற்கிறது, எந்த மரத்தடி என்றுகூடத் தெரியாது. அவள் இருந்தாள் என்பதற்கு மிச்சம் அந்தக் கல் ஒன்றுதான். அதையும் உடைத்து ரோட்டில் கொட்டுவார்களாம். விட்டுவிடுவேனா?

"ஒரு கல்லுக்கா இந்தப் பாடு? கார எங்க நிப்பாட்டுறது?" என்றார் என் வீட்டுக்காரர்.

"ரோட்டுல," என்றேன்.

நான் வேலை பார்க்கும் சுங்கை காடுட் பேக்டரியில் சூப்பர்வைசரிடம் இந்தச் சனிக்கிழமை ஓவர்டைம் முடியாது என்று சொன்னேன். முகத்தைச் சுளித்தார், சுளிக்கட்டும். பிறகு எங்கள் தோட்டத்துப் பழைய மண்டோருக்குப் போன் போட்டேன். ரப்பர் காட்டில் எங்கள் அம்மாக்களை வேலை வாங்கியவர் அவர். தோட்டத்து மாரியம்மன் கோயிலை இடம் மாற்றியபோது, சிலையைக் கீறல் விழாமல் தூக்கிக்கொண்டு போனது அவரும் அவருடைய ஆட்களும்தான்.

"அண்ணே, சர்ச் தொட்டிய எடுக்கணும்."

"எத்தன மணிக்கு வரணும், அதச் சொல்லுலா," என்றார். ஏன் என்றுகூடக் கேட்கவில்லை.

சனிக்கிழமை காலையில் மண்டோர் ஐந்து ஆட்களோடு தேவாலய வாசலில் வந்து இறங்கினார். லாரி, கயிறு, கடப்பாரை, உருளைக்கட்டை எல்லாம் தயார். வீட்டுக்காரரும் வந்திருந்தார், ஆனால் லாரிப் பக்கமே நின்றுகொண்டார். நான் கயிற்றோடு உள்ளே நுழைந்து தொட்டியைச் சுற்றப் போனேன்.

"ஏய் ஏய், பொறும்மா!" என்று மண்டோர் தடுத்தார். "உத்தரவு கேக்காம கல்லு மேல கைய வைக்கக் கூடாது."

"அண்ணே, இது மாரியம்மா இல்ல. சர்ச் கல்லு."

"எந்தக் கல்லா இருந்தா என்ன? இத்தன வருஷம் ஒரே எடத்துல நின்னிருக்கு. உரிமைப்பட்டவங்க கேக்கணும்."

சரி என்று முழங்கால் போட்டு, கர்த்தர் கற்பித்த ஜெபத்தைக் கடகடவென்று சொல்லி ஆமென் போட்டு எழுந்தேன். மண்டோர் தலையை ஆட்டினார்.

"அது ஜெபம். நல்லாத்தான் இருக்கு. உத்தரவு வேற. யாருக்காக எடுக்கிறோம், எங்க கொண்டு போறோம்னு வாயத் தொறந்து சொல்லணும். பேரச் சொல்லிக் கேளு."

பேரா! ஃபாதரிடமும் சூப்பர்வைசரிடமும் அவ்வளவு பேசிய வாய் அங்கே ஒட்டிக்கொண்டது. தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடப்பாரையும் கையுமாக எல்லோரும் காத்திருந்தார்கள்.

வீட்டுக்காரர் உள்ளே வந்தார். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டிருந்தார். மகளை அடக்கம் செய்த நாளிலிருந்து அவளைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. மறந்தே போய்விட்டார் என்று இத்தனை வருடம் மனசுக்குள் அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன், பாவி நான். அவர் குனிந்து, தொட்டிக்கு மேலே, அன்றைக்கு அவள் தலையைத் தாங்கிய மாதிரியே உள்ளங்கையை விரித்துப் பிடித்தார். அவள் பேரைச் சொன்னார். ஞானஸ்நானப் பேரையும் சேர்த்து, முழுசாக.

"அப்பா வந்திருக்கேன்மா," என்றார். "வீட்டுக்குப் போலாம், வா."

மண்டோர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"உத்தரவு ஆச்சு," என்றார். "தூக்குங்கடா."