வெட்டு விழாத ஐம்பது நிமிடம்

எங்கள் வட்டாரத்து வீடியோக்காரர்கள் அவரை ‘இருபத்தொன்பது’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவருடைய கேமரா அப்படி. புகைப்படத்துக்கென்று செய்தது, வீடியோ எடுத்தால் இருபத்தொன்பது நிமிடம் ஐம்பத்தொன்பது நொடியில் தானாக நின்றுவிடும். மற்றவர்கள் எல்லாம் எப்போதோ கேமராவை மாற்றிவிட்டார்கள். இவர் மட்டும் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து, நிற்பதற்குள் நிறுத்தி, மறுபடி அமுக்கி, கல்யாணம் கருத்தரங்கு என்று காலம் தள்ளிக்கொண்டிருந்தார்.

நான் கேமரா சாமான் விற்கிறவன். என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் அரட்டைக்கு வருகிறவர்கள், மீதிப்பேர் விலை கேட்டுவிட்டுப் போகிறவர்கள். இவர் இரண்டிலும் சேர்த்தியில்லை. மனைவி பிரிந்துபோய் ஆறு வருடம். மகளும் அம்மாவோடு போய்விட்டாள். ஒருமுறை பேட்டரி கொடுக்க அவர் அறைக்குப் போனேன். எனக்கு டீ கொடுத்துவிட்டு, தனக்கு ஊற்றிக்கொள்ள இன்னொரு டம்ளர் இல்லாமல் நின்றார். அதற்கப்புறம் நான் அங்கே போகவில்லை. எனக்குத் தாங்காது.

அந்த மனிதர் ஒரு திங்கட்கிழமை, நான் ஷட்டரைத் தூக்குவதற்கு முன்பே வந்து நின்றார்.

“வெளியில மாட்டுற ரெக்கார்டர் ஒண்ணு வேணும்.”

“இத்தனை வருஷமா நானும் தலைதலையா அடிச்சுக்கிட்டேன். இப்ப என்னண்ணே திடீர்னு?”

“பொண்ணு கூப்பிட்டா.”

மகள் வயலின் வாசிக்கிறவள். வெளிநாட்டு இசைக்கல்லூரி ஒன்றுக்கு மனுப் போடுகிறாள். ஐம்பது நிமிடம் வாசித்துப் படமெடுத்து அனுப்ப வேண்டும். நடுவில் ஒரு வெட்டு இருக்கக் கூடாது. படத்தின்மேல் எழுத்தோ கோடோ இருந்தாலும் தள்ளிவிடுவார்கள். “நீங்களே எடுங்கப்பா” என்றிருக்கிறாள், ஆறு வருடத்தில் முதல் தடவையாக. வெளியே மாட்டுகிற ரெக்கார்டருக்கு அந்த அரைமணிக் கணக்கெல்லாம் கிடையாது. கேபிள் வழியாகக் கேமரா என்ன அனுப்புகிறதோ அதைத் தன் டிஸ்கில் எழுதிக்கொண்டே போகும்.

மூன்று நாள் என்னைப் படுத்தி எடுத்துவிட்டார். பெரிய திரை வைத்த ரெக்கார்டரைக் காட்டினேன். காதோரம் வைத்துக் கேட்டார்.

“உள்ள ஃபேன் ஓடுது. அவ மெல்லிசா வாசிக்கிற இடத்துல இது கேக்கும்.”

ஃபேன் இல்லாத சின்னதை எடுத்துக்கொண்டார். ஓடும்போதே பேட்டரியைப் பிடுங்கி, அதுவரை எழுதியது தப்புகிறதா என்று பார்த்தார். கேபிளை ஆட்டிப் பார்த்தார். கடை வாசலில் வைத்து ஒரு மணி நேரம் எதிர்ச்சாரி மாடிகளையே எடுத்தார். எல்லாம் சரியாக இருந்தது.

“சீட் கிடைச்சா பாப்பா போயிடுமே அண்ணே.”

“நாலு வருஷம் படிப்பு. அப்புறம் அங்கேயேதான் இருப்பா,” என்றார் கேபிளைச் சுற்றிக்கொண்டே.

சனிக்கிழமை காலையில் டிஸ்கோடு வந்தார். முந்தின நாளே எடுத்தாயிற்று. அனுப்பக் கடைசி நாள் ஞாயிறு. பெருமை முகத்தில் வழிந்தது. என் பெரிய திரையில் போட்டோம். மகளின் முகத்தைச் சுற்றி மெல்லிய வெள்ளைக் கட்டம் ஒன்று நின்றது. முகத்தைக் கண்டுபிடித்து ஃபோகஸ் பிடிக்கும்போது கேமரா போடுகிற கட்டம். மெனுவில் ஒரு வரியை அணைக்காமல் விட்டால் அதுவும் கேபிள் வழியே போய்ப் படத்தோடு பதிந்துவிடும்.

அவர் அதைக் கவனிக்காமல் இல்லை. ரெக்கார்டரும் தன் திரையில் இதே மாதிரிக் கோடுகள் போடும், அவை பதியாது. இதுவும் அந்த வகை என்று நினைத்துவிட்டார். எதிர்ச்சாரி மாடிகளுக்கு முகம் ஏது, அன்று கட்டமே வரவில்லை. மூன்று நாளும் நான் பக்கத்தில்தான் இருந்தேன், எனக்கும் புத்தி வேலை செய்யவில்லை.

“அவ இன்னும் பாக்கல,” என்றார். “நானே அனுப்பிடறேன்னு சொல்லிருக்கேன்.”

எனக்குப் புரிந்தது. அப்படியே அனுப்பினால் தள்ளிவிடுவார்கள். பெண் இங்கேயே இருப்பாள். பழைய கேமராவின்மேல் பழியைப் போட்டுவிடலாம். நான் ஒன்றும் உத்தமன் இல்லை. அனுப்பிவிடுங்கள் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது.

அவர் ஐம்பது நிமிடமும் உட்கார்ந்து பார்த்தார். அப்புறம் போனை எடுத்தார்.

“நான்தாம்மா. தப்பு பண்ணிட்டேன். நாளைக்குக் காலைல நீ மறுபடி வாசிக்கணும்.”

அந்தப் பக்கம் கத்துவது எனக்கே கேட்டது. அவர் போனைக் காதைவிட்டு நகர்த்தவில்லை. “ஆமா. என் தப்புதான்” என்று மட்டும் இரண்டு தடவை சொன்னார்.

அவளுக்கு இடம் கிடைத்தது, போயும் விட்டாள். கேட்பீர்களே என்று சொல்கிறேன். என் மனதில் நிற்பது அந்த ஞாயிற்றுக்கிழமைதான்.

ஒரு பள்ளிக்கூடத்து ஹால். இரண்டாவது கண் வேண்டும் என்று என்னையும் அழைத்துப்போனார். மகள் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. நேராகப் போய் நின்று வாசித்தாள். கட்டம் இல்லை, வெட்டு இல்லை. ரெக்கார்டரை நிறுத்தி, முழுவதும் பதிந்திருக்கிறதா என்று ஓட்டிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். அவள் வயலினைப் பெட்டியில் வைத்தாள்.

“முதல்ல எடுத்ததை அனுப்பியிருந்தா தள்ளியிருப்பாங்கல்ல?”

“தள்ளியிருப்பாங்க.”

“நான் இங்கேயே இருந்திருப்பேன்.”

“இருந்திருப்ப.”

“அது தெரிஞ்சேதான் போன் பண்ணீங்களா?”

“தெரிஞ்சேதாம்மா.”

நான் சுற்றி முடித்த கேபிளையே மறுபடி சுற்றிக்கொண்டிருந்தேன். அவள் பெட்டியைத் திறந்து வயலினை மறுபடி வெளியே எடுத்தாள்.

“கேமராவை விட்டுட்டு இப்படி வந்து உக்காருங்க. இப்ப வாசிக்கிறது உங்களுக்கு.”

அவர் போய் அவளுக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்தார். கைகளை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை.