நகராமல் நின்ற அத்தை

எங்கள் கடலைக்காட்டுக்கு மயில் விரட்டப் போவது அத்தையும் நானும்தான். அத்தை அப்பாவின் கடைசித் தங்கை. திண்டுக்கல் கல்லூரியில் விலங்கியல் கடைசி வருடம். எனக்கு அப்போது ஒன்பது வயது. நான் தகரத்தைத் தட்டிக்கொண்டிருக்க, அவள் மயிலையே பார்த்துக்கொண்டிருப்பாள். இவளை நம்பிக் காட்டை விட்டால் விளங்கினமாதிரிதான் என்று அப்பா திட்டுவார்.

ஒருநாள் வேலியோரம் ஆண்மயில் ஒன்று தோகையை விரித்துச் சிலிர்த்து ஆடியது. இவ்வளவு நீள வாலோடு நாயிடமிருந்து எப்படித் தப்பிக்கும் என்று கேட்டேன்.

"கஷ்டந்தான். ஆனா பொட்ட மயிலு காலங்காலமா நல்ல தோகையாப் பாத்துத்தான் சேருது. பொறக்குற குஞ்சுக்கும் அந்தத் தோகையே வருது. இப்புடியே நீண்டுபோச்சு. ஆடுறது அவன் வேலை, முடிவு இவளோடது."

"புடிக்கலேன்னா?"

"பேசாம நடந்து போயிரும். புடிச்சா நகராம நிக்கும்."

சொல்லி வாய் மூடவில்லை, பெட்டை மயில் கடலையைக் கொத்திக்கொண்டே வேலியைத் தாண்டிப் போய்விட்டது. ஆண்மயில் யாருமில்லாத இடத்தில் இன்னும் சிலிர்த்துக்கொண்டிருந்தது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். "குடுத்து வச்சவ" என்றாள் அத்தை.

தை பிறந்ததும் வேடசந்தூரிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை வெள்ளைக் காரில் வந்து இறங்கினார். கழுத்தில் சங்கிலி, கையில் காப்பு, பெரிய போன். கார் சிநேகிதனுடையது என்று கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது. மயில் பாவம், அதற்கு இரவல் தோகை கிடைக்காது.

எங்கள் வீட்டில் பெண்ணிடம் பெரியவர்கள் நேராகக் கேட்க மாட்டார்கள். சின்னப் பிள்ளையை உள்ளே அனுப்புவார்கள். "அத்தைக்குப் புடிச்சிருக்கான்னு கேட்டுட்டு வா ஆத்தா" என்றார் அப்பா.

அத்தை அடுப்படிச் சுவரில் சாய்ந்து நின்றாள். கேட்டேன். என்னையே பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. ஆனால் நகரவில்லை. பாடம் தெரிந்த பெருமையில் ஓடிவந்து, "புடிச்சிருக்காம்" என்றேன். கூடமே சிரித்தது. என் கெட்டிக்காரத்தனத்தில் தீயைத்தான் வைக்க வேண்டும்.

அடுத்த மாதமே கல்யாணம். அத்தை கடைசிப் பரீட்சை எழுதவில்லை. இப்போது மில் பஸ்ஸில் வேலைக்குப் போகிறாள், மாமாவுக்கும் சேர்த்து. ஏன் அப்படிச் சொன்னாய் என்று என்னை இன்றுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

காட்டில் அந்தப் பெட்டை மயிலுக்கு நாலு பக்கமும் வழி இருந்தது. எங்கள் அடுப்படிக்கு ஒரே வாசல். அதில் நான் நின்றுகொண்டிருந்தேன்.