பிலோமினா அவர்களின் பெயரில் நான் போட்ட பச்சை

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, கொண்டாப்பூரில் என் மகள் வீட்டில் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது தாஸ் போன் செய்தார். நாங்கள் வேலை பார்த்த சுரங்கச் சாலையின் கட்டுப்பாட்டு அறையில் இன்றும் இருப்பவர்.

“பிலோமினா மேடம் போயிட்டாங்க சார். ஹார்ட் அட்டாக். நாளைக்குக் காலையில லாலாகுடாவுல அடக்கம். நீங்க வரலைன்னாலும் யாரும் எதுவும் நினைக்கமாட்டாங்க.”

கடைசி வாக்கியத்தின் விஷம் எனக்குப் புரிந்தது.

அந்த அம்மையாரை எனக்குப் பிடிக்காது. அவருக்கும் என்னைப் பிடிக்காது. மரணம் அதை மாற்றிவிட்டதாக நடிப்பதற்காக நான் இதை எழுதவில்லை.

அவர் ரயில்வே பட்டறைத் தொழிலாளி ஒருவரின் மகள். பாறைக் குன்றைக் குடைந்து போட்ட எங்கள் இரட்டைச் சுரங்கத்தின் பராமரிப்புப் பதிவுகள் அவர் பொறுப்பில் இருந்தன. எந்த விசிறி ஓடுகிறது, எந்தப் பம்பு பழுது, விபத்து நேர்ந்தால் மக்கள் பக்கத்துச் சுரங்கத்துக்குத் தப்பிச்செல்ல எந்தக் கதவு திறக்கும் என்று அவர் பதிவதுதான் கட்டுப்பாட்டு அறைத் திரையில் பச்சையாகவோ சிவப்பாகவோ தெரியும். நான் பராமரிப்பு மேலாளர், அவருக்கு மேலதிகாரி.

ஒருநாள் ஒப்பந்தக்காரர் கொடுத்த ஆய்வறிக்கையை என் மேசைமேல் போட்டார்.

“ஆறு கதவுக்கும் ஒரே போட்டோ சார். எல்லாத்துலயும் கைப்பிடிக்குக் கீழே அதே துரு. இவங்க உள்ளயே போகல.”

நான் கண்டுகொள்ளவில்லை. சுரங்கத்தை மூடிவைத்திருந்த ஞாயிற்றுக்கிழமை காலை அவரே உள்ளே நடந்தார். மூன்றாம் கதவின் மறுபுறம் கேபிள் பெட்டி ஒன்றைப் பொருத்தியிருந்தார்கள். கதவு ஒரு கையளவுகூடத் திறக்கவில்லை. வந்து பதிவில் சிவப்புப் போட்டுவிட்டார்.

புதன்கிழமை பெரிய அதிகாரிகள் பார்வையிட வருவதாக இருந்தது.

“பச்சையா மாத்துங்க. அடுத்த வாரம் கதவைச் சரிபண்ணிடலாம்” என்றேன்.

“கதவு திறக்கட்டும், நானே பச்சை போடறேன். அதுவரைக்கும் நக்கோ, முடியாது.”

“நீங்க எனக்குப் பாடம் எடுக்க வேணாம்.”

“எடுத்தா மட்டும் ஏறவா போகுது சார்?”

வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தது என் காதில் விழுந்தது. அன்றைக்கே அவரைப் போலாரம் பக்கத்துக் கிடங்குக்கு மாற்றி உத்தரவு போட்டேன். மறுநாள், முன்பு ஓர் அறிக்கைக்காக அவரிடம் வாங்கிவைத்திருந்த கடவுச்சொல்லைப் பயன்படுத்தி, மூன்றாம் கதவை நானே பச்சையாக்கினேன். அதிகாரிகள் வந்து பாராட்டிவிட்டுப் போனார்கள். கதவைச் சரிசெய்ய வேண்டும் என்பதை நான் அப்படியே மறந்துபோனேன்.

சில மாதங்கள் கழித்து ஒரு மதியவேளையில் சுரங்கத்துக்குள் ஒரு வேன் தீப்பிடித்தது. கட்டுப்பாட்டு அறையில் தாஸின் பின்னால் நின்றிருந்தேன். புகைக்குள் மக்கள் வண்டிகளை விட்டு இறங்கி ஓடுவது திரையில் தெரிந்தது.

“மூணாவது கதவைச் சொல்லுய்யா! அதான் பக்கம்!” என்று கத்தினேன்.

“மூணு நக்கோ சார். மேடம் போறப்ப எங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டுப் போனாங்க.”

“பச்சை இருக்கே, கண்ணு தெரியலையா?”

அந்தப் பச்சையைப் போட்டவனே நான்தான். ஆனாலும் அந்த நிமிடத்தில் அதை முழுதாக நம்பினேன். தாஸ் என்னைத் திரும்பியும் பார்க்காமல், ஒலிபெருக்கியில் எல்லோரையும் நான்காம் கதவுக்குப் போகச்சொன்னார். இருமிக்கொண்டே அத்தனை பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள்.

விசாரணை நடந்தது. பதிவை மாற்றியவர் பிலோமினா என்று கணினி காட்டியது. அவர் எழுந்து நின்றார்.

“நான் மாத்தல. அன்னிக்கு நான் போலாரத்துல இருந்தேன். என் பாஸ்வேர்ட் இவர்கிட்ட இருந்துச்சு.”

என்னைக் கேட்டார்கள். “ஞாபகமில்லை” என்றேன்.

கவனக்குறைவு என்று அவருடைய பணிப்பதிவேட்டில் எழுதினார்கள். கட்டுப்பாட்டு அறை ஊழியர்கள் விடாமல் கேட்டதால் பழைய இருக்கை திரும்பக் கிடைத்தது. பதவி உயர்வு கடைசிவரை கிடைக்கவில்லை.

அதன்பிறகு நான் ஓய்வு பெறும்வரை என்னோடு அவர் துண்டுச்சீட்டில் எழுதித்தான் பேசினார். “ஐந்தாம் கதவின் கீல் தளர்ந்துள்ளது. நேரில் போய்ப் பார்க்கவும்.” ‘நேரில்’ என்ற சொல்லுக்குக் கீழே எப்போதும் ஒரு கோடு இருக்கும். பற்களைக் கடித்துக்கொண்டு போய்ப் பார்ப்பேன். ஒவ்வொரு முறையும் அவர் எழுதியது சரியாகவே இருந்தது. அதற்காகவும் அவரை வெறுத்தேன்.

அடக்கத்துக்குப் போனேன். பாதிரியார் ஜெபம் முடித்து, யாராவது இரண்டு வார்த்தை பேசலாம் என்றார். நான் முன்னே போனேன். மூன்றாம் கதவின் பதிவை மாற்றியது நான். விசாரணையில் பொய் சொன்னது நான். அவர்மேல் எழுதப்பட்டது என் குற்றம் என்றேன்.

பட்டறையில் வேலைபார்த்து ஓய்வு பெற்ற அவருடைய அண்ணன் என் முகத்துக்கு நேரே வந்து நின்றார்.

“இதை அவ இருக்கறப்ப கைக்கு சொல்லல? ஏன் சொல்லல?”

குழிப்பக்கம் கைகாட்டி, “மண்ணைப் போட்டுட்டுக் கெளம்பு” என்றார்.

இந்தக் கட்டுரையில் உள்ளதை எழுதிக் கையெழுத்திட்டு, அவருடைய பதிவேட்டில் உள்ள ‘கவனக்குறைவு’ என்ற குறிப்பை நீக்கக்கோரி அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டேன். பிலோமினா அம்மா, நீங்கள் என்னை மன்னித்திருக்க மாட்டீர்கள், மன்னிக்கவும் வேண்டாம். அன்று வெயிலில் எல்லோரும் என்னைவிட்டு விலகி நிற்க, கையில் இருந்த மண்ணை உங்கள் பெட்டிமேல் போட்டேன். போய் வாருங்கள்.