இல்லாத கிளட்ச்

2024ஆம் ஆண்டு பிப்ரவரி 11, ஞாயிற்றுக்கிழமை, காலை 6 மணி 10 நிமிடம். மணவாள நகரில் எங்கள் தெருமுனை டிரான்ஸ்பார்மர் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் பனி. காற்றில்லை. கைபேசி 22 டிகிரி என்றது. என் இடது முழங்கால் அதைவிடக் குறைவாகச் சொன்னது.

அந்தப் பனிக்குள்ளிருந்து மஞ்சள் நிறத்தில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வந்து எங்கள் வாசலில் நின்றது. இரண்டே கதவு. தரைக்கும் அதன் வயிற்றுக்கும் நடுவில் என் கையால் முக்கால் சாண்கூட இல்லை. இறங்கியவன் என் மைத்துனன், என் மனைவியின் தம்பி. பெரியபாளையத்தை அடுத்த ஆரணியில் நெல் பயிரிடுகிறவன். புதுவாயல் பக்கம் இருந்த அவனுடைய மூன்று ஏக்கர் ஒரு கிடங்குக்கு விலை போனது. அந்தப் பணத்தில் சென்னை டாக்டர் ஒருவரிடமிருந்து செகண்ட் ஹேண்டில் வாங்கிய வண்டி இது. வாங்கிய வாரமே அதன் பின்சீட்டில் விதைநெல் மூட்டையை உட்காரவைத்து, சீட் பெல்ட்டும் போட்டு அழைத்து வந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

வண்டியில் கிளட்ச் பெடல் கிடையாது. கியர் தானாக மாறும். ஸ்போர்ட்ஸ் கார் என்றால் கையால் கியர் மாற்றி ஓட்டுவதற்காகவே செய்த பொருள் என்பது என் கட்சி. நாற்காலியில் உட்கார்ந்து சவாரி போவதென்றால் அதற்கு பஸ் இருக்கிறது. இதை நான் அவனிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். சொல்வதற்கு எனக்குத் தகுதியும் உண்டு. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் லாரிக்கும் டிராக்டருக்கும் பல்சக்கரம் வெட்டும் கம்பெனியில் 31 வருடம் பரிசோதகனாக இருந்தவன் நான். ஒவ்வொரு சக்கரத்தையும் அதன் ஜோடியோடு சுழலவிட்டுக் காதால் கேட்டுத் தேறியது, தேறாதது என்று பிரிப்பது என் வேலை. ஒரு ஷிஃப்டுக்கு 240 சக்கரம்.

"கிளட்சே இல்லாத வண்டி மாமா இது," என்று அவன் வாங்கிய அன்று பெருமையடித்தபோது, "இதற்குள் இருப்பது ஒன்றல்ல, இரண்டு கிளட்ச். ஒற்றைப்படை கியருக்கு ஒன்று, இரட்டைப்படைக்கு ஒன்று. உன் காலுக்குத்தான் ஒன்றும் இல்லை," என்றேன். அவன் அதையும் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டு, அன்றிலிருந்து போகிறவர் வருகிறவரிடமெல்லாம் "டபுள் கிளட்ச்" என்று சொல்லத் தொடங்கிவிட்டான்.

அப்படிப்பட்ட வண்டியை அன்று நானே ஓட்டப் போகிறேன். காரணம், அதற்கு மூன்று ஞாயிறு முன்பு திருவள்ளூர் ரயில்வே பாலத்து ஏற்றத்தில் நடந்தது. என் வண்டி பழையது, கையால் கியர் போடுவது. ஏற்றத்தில் நின்று கிளம்பும்போது இடது முழங்கால் பாதியிலேயே கிளட்சை விட்டுவிட்டது. வண்டி மூன்று முறை அணைந்தது. பின்னாலிருந்து 17 ஹாரன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் என் மனைவி. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிய பிறகுதான் பேசினாள்.

"மார்ச்சோட உங்க லைசென்ஸு முடியுது. அப்படியே முடியட்டும். புதுப்பிக்க வேணாம்."

எனக்கு 69 வயது. வண்டி ஓட்டாவிட்டால் நான் கீரை வாங்கப் போவதற்குக்கூட யாரையாவது கேட்க வேண்டியிருக்கும். டாக்டர் சர்டிபிகேட் வாங்கி இன்னும் ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்துக்கொள்வேன் என்றேன். இரண்டு வாரம் வாக்குவாதம். அவள் ஹோசூரில் இருக்கும் மகளையும் போனில் சேர்த்துக்கொண்டாள். கடைசியில் ஒரு சமரசம் சொன்னாள்.

"என் தம்பி வண்டில இடது காலுக்கு வேலையே கெடையாது. உங்க ஃபிரண்டு ஊட்டு கல்யாணத்துக்கு கும்மிடிப்பூண்டி வரைக்கும் அத நீங்க ஓட்டிகினு வாங்க. ஒழுங்கா போய் சேந்துட்டா, நம்ம வண்டிய வித்துட்டு அந்த மாதிரி ஒரு சின்னது வாங்கிக்கலாம். நீங்களே ஓட்டுங்க, நான் வாயே தொறக்கல. முடியலன்னா சாவிய என்கிட்ட குடுத்துடணும்."

கொள்கையைக் கொடுத்து ஸ்டியரிங்கைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டு ஒப்புக்கொண்டேன். இந்தச் சோதனைக்காகவே மைத்துனன் ஆரணியிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்து, மறுபடி எங்களோடு ஆரணி வழியாகவே கும்மிடிப்பூண்டி போக வேண்டும். இந்த வீண் அலைச்சலைப் பற்றி நான் கேட்டதற்கு, "மாமா ஓட்றத பாக்கணும்ல," என்றான்.

வண்டியில் ஏறுவதே ஒரு காரியம். ஏறுவது என்று சொல்வதும் தவறு, கிணற்றில் இறங்குவது போல இறங்க வேண்டும். பின்சீட்டு இருக்கிறது, ஆனால் கால் வைக்க இடமில்லை. 94 கிலோ எடையுள்ள மைத்துனன் பட்டுவேட்டியோடு அதில் மடங்கிக்கொண்டான். அவன் முழங்கால்கள் காதுக்குப் பக்கத்தில் இருந்தன.

"இடது கால எங்க வைக்கிறது?" என்றேன்.

"எங்கனா வையி மாமா. அதுக்கு இன்னிக்கு லீவு."

"லீவு கொடுத்தாலும் இருக்க ஒரு இடம் வேண்டாமா?"

"சீட்டுக்கு கீழ மடக்கி போட்டுக்க. அத மட்டும் வெளிய எடுத்துறாத. பிரேக்கு பெடலு அகலமா இருக்கு பாரு, கிளட்சுன்னு நெனச்சி எட்டி ஒதைச்சேன்னா வண்டி அப்டியே நின்னுரும். பழைய டிரைவருங்க எல்லாம் அதத்தான் பண்ணுவாங்க."

"பழைய டிரைவர்கள்" என்று அவன் சொன்னதை நான் கவனிக்காத மாதிரி இருந்துவிட்டேன். இடது செருப்பைக் கழற்றி மனைவியிடம் கொடுத்து, குதிகாலைச் சீட்டின் அடியில் முட்டுக்கொடுத்து வைத்தேன். 6.25க்குக் கிளம்பினோம்.

உண்மையைச் சொல்லிவிட வேண்டும். வண்டி நன்றாக ஓடியது. தாமரைப்பாக்கம் தாண்டும்போது பனி கலைந்து வயல்கள் தெரிந்தன. என் முழங்கால் சீட்டுக்கு அடியில் ஓய்வூதியம் வாங்குகிறவரைப் போல நிம்மதியாக இருந்தது. இதே சாலையில் என் பழைய வண்டி கும்மிடிப்பூண்டி வரைக்கும் 212 முறை கியர் கேட்கும். ஒரு தடவை எண்ணியிருக்கிறேன். இது எதையும் கேட்கவில்லை. கேட்காததுதான் எனக்குச் சற்று அவமரியாதையாக இருந்தது.

வேகத்தடைதான் பிரச்சினை. மணவாள நகரிலிருந்து புதுவாயல் வரை 41 வேகத்தடை. மணிக்கு 250 கிலோமீட்டர் போகக்கூடிய வண்டி ஒவ்வொன்றின் மேலும் மாட்டுவண்டியைவிட மெதுவாக, கோணலாக ஏறி இறங்கியது. அதில் நான்கு, ஊர்க்காரர்களே போட்ட உயரமான தடைகள். அங்கே அடிப்பாகம் தட்டும். எடையைக் குறைக்க மைத்துனன் இறங்க வேண்டும். அவன் இறங்க வேண்டுமென்றால் முதலில் என் மனைவி இறங்கி, சீட்டை மடக்கி, அவனைக் கையைப் பிடித்து இழுக்க வேண்டும். பெரியபாளையத்தில் இதைச் செய்தபோது டீக்கடை வாசலில் ஆறு பேர் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள்.

"இன்னா அண்ணாத்த, இவ்ளோ டப்பு குடுத்து வாங்கிகினு நடந்தே வர்ற?" என்றார் ஒருவர்.

"எங்க மாமா டிரைவரு. அவரு வண்டில நான் நடந்துதான் வருவேன்," என்றான் மைத்துனன்.

ஆரணியைத் தாண்டியபோது மணி 7.40. முகூர்த்தம் ஒன்பது மணிக்குள். நாற்பது கிலோமீட்டருக்கு மேல் ஒரு சின்னத் தவறுகூட இல்லை. மனைவி பையிலிருந்து நாஷ்டாவுக்கென்று கட்டிவந்த இட்லியை எடுத்து எனக்கு ஒன்று நீட்டினாள். தோற்கப்போகிறவர்கள் காட்டும் மரியாதை அது என்று எனக்குத் தோன்றியது.

புதுவாயல் கூட்டுரோடு நெருங்கியது. அங்கேதான் நான் பேச ஆரம்பித்தேன். பேசாமல் இருந்திருக்கலாம்.

"நன்றாகத்தான் இருக்கிறது," என்றேன் பின்சீட்டைப் பார்க்காமல். "ஆனால் இதில் ஓட்டுகிறவனுக்கு என்ன தெரியப்போகிறது? இதோ சந்திப்பு வருகிறது. இதே என் வண்டியாக இருந்தால் என்ன செய்வேன் தெரியுமா? வேகத்தைக் குறைத்து, மூன்றிலிருந்து இரண்டுக்கு இறங்க வேண்டும். அதற்கு முதலில் கிளட்சை முழுசாக..."

வாய் சொன்னதைக் கால் செய்தது. சீட்டுக்கு அடியிலிருந்து இடது கால் எப்போது வெளியே வந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மூன்று வாரமாகப் பாதிக் கிளட்சைக்கூட மிதிக்க முடியாமல் இருந்த கால், அன்றைக்கு முழுப் பலத்தோடு அகலமான பிரேக் பெடலின் மேல் இறங்கியது. வண்டி நடுரோட்டில் ஆணி அடித்தது போல நின்றது. பெல்ட் எங்களைப் பிடித்துக்கொண்டது. மைத்துனனின் தலை என் சீட்டின் முதுகில் மோதியது. அடுத்த நொடி பின்னால் ஒரு சத்தம். காலை ஷிஃப்டுக்கு ஆட்களை ஏற்றி வந்த ஷேர் ஆட்டோ எங்கள் மேல் இடித்து நின்றது.

யாருக்கும் அடியில்லை. ஆட்டோவில் இருந்தவர்கள் எட்டு பேர், டிரைவரைச் சேர்த்து ஒன்பது. ஒன்பது பேரும் இறங்கி வந்தார்கள்.

"யோவ் பெருசு! இன்னாத்துக்குய்யா பிரேக் அடிச்ச? குறுக்க ஒரு நாயாச்சும் வந்துச்சா?" என்றார் ஆட்டோ டிரைவர்.

நான் பொய் சொல்லிப் பழகாதவன். "பிரேக் அடிக்கவில்லை. கிளட்சைத்தான் மிதித்தேன்," என்றேன்.

அவர் குனிந்து என் கால்பக்கம் எட்டிப் பார்த்தார். நிமிர்ந்தார். மறுபடியும் குனிந்து பார்த்தார்.

"கிளட்ச் எங்க கீது?"

"இல்லை."

"டேய், இங்க வாங்கடா. ஐயா இல்லாத கிளட்ச மிதிச்சிக்கினாராம்."

ஆட்டோவில் வந்தவர்களில் கம்பெனி யூனிபார்ம் போட்டிருந்த ஒருவர் வந்து பார்த்தார். "உட்ரா, பாவம். ஒரு காலுல செருப்பையும் காணோம்," என்றார். இடித்ததைவிட அது எனக்கு வலித்தது. நான் அவரிடம் பல்சக்கரப் பரிசோதகனாக இருந்ததைச் சொல்லத் தொடங்கினேன். ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது என்று அவர் போய்விட்டார்.

பின்பக்க பம்பர் உள்ளே போயிருந்தது. வலது விளக்கு உடைந்திருந்தது. ஆட்டோவுக்கு ஹெட்லைட்டும் முன்கண்ணாடியும் போயிருந்தன. மைத்துனன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே பம்பரைச் சுற்றிச் சுற்றி வந்தான். திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். "பரவால்ல மாமா, நல்ல பிரேக்கு. டெஸ்ட்டு பண்ண மாதிரி ஆச்சி," என்றான். அதற்குத் திட்டியே இருக்கலாம்.

அப்போது என் மனைவி என் பக்கத்துக் கதவைத் திறந்தாள். "எறங்குங்க."

"எதுக்கு?"

"முகூர்த்தத்துக்கு நேரமாவுது. எறங்குங்கன்றேன்."

பத்தொன்பது வருடத்துக்கு முன் நான்தான் அவளுக்கு வண்டி கற்றுக்கொடுத்தேன். பதினொரு நாள். கிளட்சை விடும் இடம் அவளுக்கு வரவே இல்லை. நான் கத்தினேன். எப்படியோ எட்டுப் போட்டு லைசென்ஸ் வாங்கிவிட்டாள், அதைத் தவறாமல் புதுப்பித்தாளே தவிர, ஸ்டியரிங்கைத் தொடவில்லை. தொடவில்லை என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். கடந்த இரண்டு மாதத்தில் ஒன்பது வெள்ளிக்கிழமை அம்மன் கோயிலுக்கென்று அவள் பெரியபாளையம் போயிருக்கிறாள். ஒன்பது என்பதை நான் எண்ணியிருக்கிறேன். கோயிலிலிருந்து ஆரணிக்குப் போய், அறுவடை முடிந்த வயல் ஓரத்துச் சாலையில் தம்பியின் வண்டியை ஓட்டிப் பழகினாள் என்பதை அவன் பின்சீட்டில் மடங்கிக்கொண்டே சொன்னான்.

"எனக்கு சொல்லவே இல்லையே," என்றேன் அவளிடம்.

"சொன்னா பக்கத்துல ஒக்காந்து கத்துவீங்க."

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, சீட்டை முன்னால் தள்ளி, கண்ணாடியைச் சரிசெய்து கிளம்பினாள். அவளுடைய இடது கால் அசையாமல் அது பாட்டுக்கு இருந்தது. கிளட்சே கற்றுக்கொள்ளாத காலுக்கு மறப்பதற்கும் ஒன்றுமில்லை. நெடுஞ்சாலையில் 50க்கு மேல் போகவில்லை. கன்டெய்னர் லாரிகள் எல்லாம் அந்த ஸ்போர்ட்ஸ் காரை முந்திக்கொண்டு போயின.

எனக்கு வேலையில்லாததால் காதைக் கொடுத்தேன். கும்மிடிப்பூண்டி வரை 38 முறை கியர் மாறியது. ஒரு பல்கூட முனகவில்லை. என் மேஜைக்கு வந்திருந்தால் அத்தனையையும் தேறியது என்றுதான் போட்டிருப்பேன்.

"இப்போது நான்கிலிருந்து மூன்றுக்கு மாறியதே, தெரிந்ததா?" என்று கேட்டேன்.

"எது?" என்றாள்.

மண்டப வாசலில் என் பழைய கம்பெனிக்காரர்கள் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். எல்லோரும் கியர் வெட்டியவர்கள். வண்டியைப் பார்த்ததும் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவர் பின்னால் போய்ப் பம்பரைப் பார்த்துவிட்டு, "இன்னாப்பா ஆச்சி? யாரு ஓட்டினது?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி, "ஆட்டோக்காரன் பின்னாடி வந்து இடிச்சிட்டான்ணா. இன்னா பண்றது," என்றாள். அது பொய்யும் இல்லை. அவர் ஆட்டோக்காரர்களைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினார். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

பந்தியில் உட்காரும்போது அவள் என் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னாள். "மார்ச்சுல லைசென்ஸு ஆபீஸுக்கு அலைய வேணாம். சாவி என்கிட்ட இருக்கட்டும்."

பாயசம் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். எதிர்வரிசையில், வாசலில் பம்பரைப் பார்த்த அந்த நண்பர் இன்னும் ஆட்டோக்காரர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். "சரி," என்றேன்.

மார்ச் மாதம் லைசென்ஸ் முடிந்தது. பழைய வண்டியை விற்றோம். தானாகக் கியர் மாறும் சின்ன வண்டி ஒன்றை செகண்ட் ஹேண்டில் அவள் பெயருக்கு வாங்கினோம். கீரைக்கடைக்கு அவளே கூட்டிப் போகிறாள், திரும்பும் நேரத்தையும் அவளே சொல்கிறாள். பம்பரை இன்ஷூரன்ஸில் பார்த்துக்கொள்ளலாம் என்றான் மைத்துனன். நான் ஒப்புக்கொள்ளவில்லை. மிதித்த கால் என்னுடையது. ஆட்டோவுக்கு அன்றே கையில் கொடுத்தது 3,500. பம்பருக்கும் விளக்குக்கும் 96,400. பழைய வண்டி விற்ற விலை போக, புதிதாக வந்ததற்கு மேலே போட்டது 2,85,000. ஆக மொத்தம் 3,84,900 ரூபாய்.