எல்லாரையும் கேளுங்க என்றவர்

தெரியாத எண்ணிலிருந்து வரும் அழைப்பை நான் எடுப்பதில்லை. நம் பகுதியில் பலருக்கும் இப்போது அந்தப் பழக்கம் வந்துவிட்டது. விடாமல் அடித்ததால் எடுத்தேன். "பாஸ்டர் தவறிட்டாருங்க" என்றது ஒரு குரல். யார் பேசுவது என்று கேட்டேன். பெயர் சொன்ன பிறகும் நம்பவில்லை. வீட்டுக்கே போய், வாசலில் குவிந்திருந்த செருப்புகளைப் பார்த்த பிறகுதான் போதகர் ஜெபராஜ் இறந்துவிட்டார் என்பது மனதில் ஏறியது.

தூத்துக்குடிப் பக்கமிருந்து பனியன் கம்பெனிகளுக்கு வந்த குடும்பங்களுக்காகத் திருப்பூரில் சபை நடத்தியவர் அவர். நான் மாரியம்மன் கோயில் கமிட்டிக்காரன். மூன்று அண்டை நாடுகளிலிருந்து வந்தவர்களில் முஸ்லிம்களை மட்டும் விட்டுவிட்டு மற்றவர்களுக்குக் குடியுரிமை தரும் சட்டம் வந்தபோது, அதை எதிர்த்துக் கையெழுத்துக் கேட்டு எங்கள் கோயிலுக்கு வந்தார். எனக்கு அவர் மேலேயே சந்தேகம்.

"உங்க ஆளுங்களுக்குத்தான் அதுல இடம் இருக்குதுங்களே. அப்புறம் ஏனுங்க அலையறீங்க?"

"அதான் அண்ணாச்சி உறுத்துது. எனக்குக் கதவைத் திறந்துட்டு, பக்கத்துல நிக்கவன் மூஞ்சில சாத்துதாங்க. நான் எப்படி உள்ள போவேன்?"

கையெழுத்துப் போட்டேன்.

அதன்பின் சபையின் கடைசி வரிசையில் புதிதாக ஒருவர் வந்து உட்காரத் தொடங்கினார். பாட்டுப் புத்தகத்தைத் திறக்கவே மாட்டாராம். யார் யார் வருகிறார்கள் என்று மட்டும் பார்ப்பாராம். உளவுக்காரர்தான் என்று பேசிக்கொண்டோம். பாஸ்டர் அவருக்கும் டீ கொடுக்கச் சொன்னார். "சந்தேகப்படாதீங்கன்னு சொல்ல மாட்டேன். எனக்கும் சந்தேகம்தான். ஆனா அதை வச்சு ஒருத்தனை வெளிய தள்ளினா, நாம எதுக்குக் கையெழுத்து வாங்குதோம்?"

சென்ற ஆண்டு, மேற்கு வங்கத்திலிருந்து வந்து தையல் வேலை பார்த்த ஐந்து முஸ்லிம் தொழிலாளர்களை, வங்கதேசத்தவர் என்று சொல்லி லைன் வீட்டிலிருந்து போலீஸார் கூட்டிப்போனார்கள். அதே வரிசையில் குடியிருந்த மற்ற வடநாட்டுக்காரர்களிடம் ஒரு கேள்வியும் இல்லை. பாஸ்டரும் நானும் ஸ்டேஷனுக்குப் போனோம்.

"உங்க ரெண்டு பேருக்கும் இவங்களுக்கும் என்ன சம்பந்தம்?" என்றார் அதிகாரி.

"கேக்கதா இருந்தா எல்லாரையும் கேளுங்க சார். என்கிட்ட இருந்தே ஆரம்பிங்க. நானும் பிழைக்க வந்தவன்தான்."

சொல்லிவிட்டு அந்த ஐந்து பேருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். பொழுது சாயும்வரை எழவில்லை. நான்கு பேரை விட்டார்கள். ஆவணங்களில் பெயரின் எழுத்து மாறியிருக்கிறது என்று அன்வரை மட்டும் விடவில்லை; எங்கோ ஒரு தடுப்பு முகாமுக்கு அனுப்பிவிட்டார்கள். வழக்கு இன்னும் நடக்கிறது. ஒவ்வொரு விசாரணைக்கும் பாஸ்டர் போய் நின்றார்.

தகவல் கொடுத்தது யார்? வீட்டுக்காரரா, காண்ட்ராக்டரா, எங்கள் கமிட்டியிலேயே ஒருவரா? இன்றுவரை தெரியாது. அன்றிலிருந்து கமிட்டிக் கூட்டத்தில் நான் அளந்துதான் பேசுகிறேன்.

அடக்கத்தன்று கல்லறைத் தோட்டச் சுவரோரம் ஒருவர் செல்போனில் வந்தவர்களைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். உறவினராகவும் இருக்கலாம். விடுவிக்கப்பட்ட நான்கு பேரும் அவரைப் பார்த்துவிட்டு வெளியிலேயே நின்றார்கள். நான் போய், "வாங்க தம்பி" என்று கூட்டிவந்தேன். ஆளுக்கு ஒரு பிடி மண் போட்டார்கள். அந்தப் படத்தில் நாங்கள் ஐந்து பேரும் இருப்போம்.

அவரை அறிந்தவர்கள் அவருடைய பிரசங்கங்களை நினைத்துக்கொள்வீர்கள். நான் ஒன்றையும் கேட்டதில்லை. அன்வரின் வக்கீலிடம் இனிமேல் விசாரணைக்கு நான் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். சந்தேகம் என்னை விட்டுப் போகவில்லை. அதோடேயே போய்ப் பக்கத்தில் உட்காரலாம் என்பதை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டேன்.