பம்மல் சுவரில் ஒரு முதுகு

சுவரில் படம் போடுகிறவள் என்று சொன்னால், கட்சிச் சின்னம் எழுதுகிறவள் என்றுதான் பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். தாம்பரத்தைச் சுற்றி நான் வரைந்த சுவர்கள் நிறைய இருக்கின்றன. சுரங்கப்பாதை, பள்ளிக்கூடக் காம்பவுண்டு, பீர்க்கன்கரணை ஏரிப் பக்கம் ஒன்று. அந்தந்தத் தெருக்காரர்களையே கூப்பிட்டு உட்கார வைத்து வரைவேன். வண்ணம் அடிப்பதும் அவர்கள்தான். அதில் எனக்குத் தலைக்கனமும் உண்டு. "அச்சு அசல் அவங்களேதான்" என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், அன்று எனக்குக் கால் தரையில் பாவாது.

பம்மலில் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் பெண்களுக்காகத் தையல் மையம் நடத்தி வந்தார். பஸ்ஸும் ஷேர் ஆட்டோவும் ஓடும் ரோட்டைப் பார்த்த மாதிரி நீளமான சுவர். அதில் ஏதாவது வரைந்து தர முடியுமா என்று கேட்டார். உடனே சரி என்றேன். முதல் நாளே என்னைத் தனியாக அழைத்து, "இங்க வர்றவங்கள்ல சில பேர் வீட்டை விட்டு வந்தவங்கம்மா. கொஞ்சம் பார்த்துக்கோங்க" என்றார். நான் தலையாட்டினேன். காது அவரிடம் இருந்ததே தவிர, கண் அந்தச் சுவரை அளந்துகொண்டிருந்தது.

பன்னிரண்டு பெண்கள், பன்னிரண்டு தையல் மெஷின்கள். எல்லோரையும் வரிசையாக வரைவது என்று முடிவானது. பதினோரு பேர் தலைவாரி, பூ வைத்து, ஃபோட்டோவுக்கு வந்து நின்றார்கள். ஒருத்தி மட்டும் வரவில்லை. முப்பது வயது இருக்கும். அதிகம் பேசாதவள், பீர்க்கன்கரணையில் ஒரு ரூம் எடுத்துத் தனியாகத் தங்கி, தினமும் பஸ்ஸில் வந்துபோனாள்.

"எல்லாரையும் போடுக்கா. எம் மூஞ்சி மட்டும் வோணாம்" என்றாள்.

"அப்ப உன்னை எப்படிப் போடுறது?"

கொஞ்சம் யோசித்தாள். "முதுகு போட்டுக்கோ."

எனக்கு உள்ளூர சந்தோஷம். பதினோரு முகங்களுக்கு நடுவில் ஒரு முதுகு! படத்துக்கு அதைவிட நல்ல விஷயம் கிடைக்குமா? அவளுக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு இரண்டு நாள் உட்கார்ந்தேன். தைக்கும்போது பின்னலை வலது தோள் வழியாக முன்னால் எடுத்துப் போட்டுக்கொள்வாள். கழுத்து ஒரு பக்கம் லேசாகச் சாயும். இடது தோள் நன்றாகவே இறங்கியிருக்கும். ஒன்றையும் விடவில்லை நான். தாளில் வரைந்து, கட்டம் போட்டு, சுவரில் அதே கட்டங்களை ஆளுயரத்துக்குப் பெரிதாக்கி ஏற்றினேன்.

வண்ணம் அடித்து முடித்த அன்று பெண்கள் கேலி பேசித் தீர்த்தார்கள். "இவ முதுகப் பாருடி, மூஞ்சிய விட ஷோக்கா கீது!" என்று ஒருத்தி சொல்ல, அவளும் சிரித்தாள். "நானே இன்னிக்குத்தான் பாக்குறேன்" என்றாள். பிறகு எல்லோரும் கை கழுவப் போனதும் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அக்கா, அந்தத் தோளை மட்டும் கொஞ்சம் நேராக்கிடேன்."

"ஏன்? அதுதானே அழகு. அதை நேராக்கினா அது நீயே இல்ல."

அவள் மறுபடி கேட்கவில்லை. அழகாகத் தெரிய ஆசைப்படுகிறாள் என்று நினைத்துவிட்டேன். பத்து நிமிட வேலை அது. பிரஷ் கையிலேயே இருந்தது.

மூன்று வாரம் கழித்து, மழைக்குத் தாங்குவதற்காகப் படத்தின் மேல் வார்னிஷ் அடிக்கக் காலையிலேயே போயிருந்தேன். ஷேர் ஆட்டோவிலிருந்து ஒருவர் இறங்கினார். இஸ்திரி போட்ட சட்டை, தோளில் சாப்பாட்டுப் பை. ரோட்டைக் கடந்து நேரே சுவரிடம் வந்தார்.

"யார் மேடம் வரைஞ்சது?"

"நான்தாங்க."

"ரொம்ப நல்லா இருக்கு. கிளாஸ் எத்தனை மணிக்கு? என் தங்கச்சியச் சேக்கணும்."

"பத்து மணிக்கு, சார். டீச்சர் வந்துடுவாங்க, பேசிட்டே போங்க."

அவர் பதினோரு முகங்களையும் தாண்டிக்கொண்டு போய் அந்த முதுகுக்கு எதிரில் நின்றார். உள்ளங்கையை எடுத்து அந்த இடது தோளின் மேல் வைத்தார். வார்னிஷ் இன்னும் காயவில்லை.

"ஈரம் சார்" என்றேன். அவர் கையை எடுக்கவில்லை.

"மெஷின்ல உக்காந்து உக்காந்து தோள் அப்படி ஆயிடும்" என்று நானாகவே பெருமையோடு விளக்கமும் சொன்னேன்.

"மெஷினால இல்ல மேடம்" என்றார், ரொம்பப் பொறுமையாக. பிறகு கைக்குட்டையால் கையைத் துடைத்துக்கொண்டு, எதிர்ப்பக்க டீக்கடைக்குப் போய், சுவரைப் பார்த்தபடி பெஞ்சில் உட்கார்ந்தார்.

முகம் வேண்டாம் என்று அவள் சொன்னதும், தோளை நேராக்கச் சொன்னதும் அப்போதுதான் புரிந்தன. ஒரு பெண்ணின் முதுகை மற்ற எல்லோரையும் விட நன்றாக அறிந்தவன், அவள் பார்க்காதபோது பின்னால் வந்து நிற்கிறவன். அவனுக்குத்தான் நான் இவ்வளவு அக்கறையாக வரைந்து வைத்திருக்கிறேன். வகுப்பு நேரத்தையும் சொல்லியாயிற்று.

காம்பவுண்டுக்குள் ஓடி டீச்சருக்கு ஃபோன் செய்தேன். டீச்சர் அவளை அழைத்தபோது அவள் பஸ் ஏறிவிட்டிருந்தாள். பம்மல் வரைக்கும் வராமல், வழியில் குரோம்பேட்டையிலேயே இறங்கச் சொன்னாராம். இறங்கினாள். அதன் பிறகு பம்மல் பக்கம் அவள் வரவே இல்லை. பீர்க்கன்கரணை ரூமையும் அன்றே காலி செய்துவிட்டாள். எங்கே போனாள் என்று கேட்டேன். "உங்களுக்குத் தெரிய வேண்டாம்மா" என்றார் டீச்சர். அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அடுத்த நாளே அந்த முதுகின் மேல் வெள்ளையடித்து, அந்த இடத்தில் ஒரு ஜன்னல் வரைந்தேன். அந்த ஆள் பல நாள் வந்து, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துவிட்டுப் போனான். ஒருநாள் வருவதை நிறுத்திக்கொண்டான். தேடி அலுத்துவிட்டானா, இனித் தேட வேண்டியதில்லை என்று ஆகிவிட்டதா? அதை நினைத்தால் அவன் வந்துகொண்டிருந்த நாட்களே தேவலை போலிருக்கிறது. முன்பெல்லாம் நான் கேட்டால் டீச்சர் "நல்லா இருக்கா" என்பார். இந்த வருடம் கேட்டபோது பேச்சை மாற்றினார். பிறகு கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அதற்கப்புறம் நான் சுவர்களில் ஆட்களை வரைவதில்லை. மரம், மீன், கொக்கு. கூட்டத்தில் போனால் மட்டும் கண் தானாகப் பெண்களின் முதுகுகளுக்குப் போய்விடுகிறது. உயிரோடு இருக்கிறாள் என்று தெரிந்தால் போதும்.

போன மாதம் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பார்த்தேன். முன்னால் போட்ட பின்னல், சாய்ந்த கழுத்து, இறங்கிய இடது தோள். கூப்பிடலாம்தான். ஆனால் கூட்டத்தில் அவள் பெயரைச் சத்தமாகச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. பின்னாலேயே போனேன். பழைய நாற்காலிகள், செடிக்காரர்கள், பாத்திரக் கடைகள் என்று அவள் போன வழியெல்லாம் போனேன். அவள் நடை வேகமானது. நானும் வேகமாக நடந்தேன். கடைசியில் ஒரு தார்ப்பாய்க்கு அடியில் சட்டென்று நின்று திரும்பினாள்.

வேறு யாரோ. நான் பார்த்தே இராத முகம். ஆனால் அந்த முகம் வெளிறிப் போயிருந்தது. பையை மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தாள்.

"இன்னா வோணும் உனக்கு? அவன் அனுப்பினானா?" என்று கேட்டாள்.