அழகம்மை மறைத்த மாத்திரை

ஜெஸ்பின் மார்த்தாண்டத்துத் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் பத்தொன்பது வருஷமாக மயக்க மருந்து டெக்னீஷியன். ஒரு நாளைக்கு ஏழு ஆபரேஷன் என்றால் ஏழுக்கும் நிற்க வேண்டும். கூட ஒரு ஆள் போடுகிறோம் என்று நிர்வாகம் நாலு வருஷமாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. முட்டி இரண்டும் அதற்குள் போயே போய்விட்டன.

முந்தின நாளே நோயாளியிடம் போய், என்ன நோய், என்ன மாத்திரை என்று கேட்டு எழுதுவதும் அவள் தலையில்தான். பித்தப்பைக் கல்லுக்காக அழகம்மையைச் சேர்த்திருந்தார்கள். அவள் மகளுக்கு நிச்சயம் முடிந்திருந்தது. ஆஸ்பத்திரியைப் பார்த்துச் சொன்னதே குழித்துறைச் சம்பந்தி வீட்டார்தான். நம் ஊரில் நோயாளியைத் தனியாக வந்தா பார்ப்பார்கள்? ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாகக் கட்டிலைச் சுற்றி எட்டுப் பேர்.

"மாத்திரை ஏதாச்சும் தின்னுதியளாக்கா?"

அழகம்மை சம்பந்தியம்மாளைப் பார்த்தாள். பிறகு ஜெஸ்பினைப் பார்த்தாள். "ஒண்ணும் இல்ல மக்கா."

'இல்லை' என்று எழுதிவிட்டு ஜெஸ்பின் நாலரை பஸ்ஸுக்கு ஓடினாள்.

மறுநாள் மயக்கம் கொடுத்த கால்மணி நேரத்தில் மானிட்டரில் ஆக்சிஜன் அளவு எண்பத்தைந்துக்கு இறங்கி அங்கேயே நின்றது. குழாய் சரி, மெஷின் சரி. முழு ஆக்சிஜன் கொடுத்தும் எண் அசையவில்லை. மயக்க டாக்டர் ஜான்ரோஸ் கொஞ்சம் ரத்தம் எடுத்துப் பார்த்தார். காபி டிகாஷன் மாதிரி பழுப்பு.

"ஏதோ மருந்து ரத்தத்தைக் கெடுத்திருக்கு. ஆக்சிஜனைச் சுமக்க மாட்டேங்குது. எந்த மருந்துன்னு கேட்டுட்டு வா."

அழகம்மையின் கணவர் கணபதியப்பன் சம்பந்திகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். கையெழுத்து வேண்டும் என்று பொய் சொல்லி, ஜெஸ்பின் அவரைத் துணி அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள்.

"அண்ணாச்சி, அக்கா என்ன மாத்திரை தின்னாவ? மறைச்சா ஆளு கிடைக்காது."

"வெளிய தெரிஞ்சா எம் பிள்ளைக்க கல்யாணம் நின்னு போவும் மக்கா."

"டாக்டரைத் தவிர ஆருக்கும் தெரியாது."

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "தோலில ஒரு எடத்துல உணர்ச்சி இல்ல. தொழுநோய்க்க தொடக்கம்னாவ. அஞ்சு மாசமா டாப்சோன். இன்னும் ஒரு மாசந்தான்."

ஆறு மாதத்தில் தீர்ந்துபோகிற நோய். அதற்கு உயிரையா பணயம் வைப்பது? ஜெஸ்பினுக்கு எரிச்சலாக வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

டாக்டர் நீல நிற முறிவு மருந்தை நரம்பில் மெல்ல ஏற்றினார். எண் இன்னும் கீழே, அறுபதுக்கு விழுந்தது. அந்த நீலம் மெஷினை ஏமாற்றுகிறது, பயப்படாதே என்றார். அவர் நெற்றியிலும் வியர்வை. அரைமணி நேரத்தில் எண்பது, தொண்ணூறு, தொண்ணூற்றேழு. ஜெஸ்பின் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

சாயங்காலம் கண் விழித்ததும் அழகம்மை கேட்டாள். "அவியளுக்குத் தெரிஞ்சுதா?"

"இல்லக்கா. எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்லா? உசிரு போயிருக்கும்."

"நீ போன பொறவு வாசலையே பாத்துக்கிட்டுக் கெடந்தேன் மக்கா. தனியா வந்து இன்னொருக்கா கேப்பியேன்னு நெனச்சேன்."